தேய்ந்த தட்டுக்கும் மதிப்புண்டு

பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்கள் கீறலைக் கண்டதும் முகம் சுளிப்பது வழக்கம். நான் இன்று அந்தத் தேய்மானத்துக்காகவே பரிந்து பேச வந்திருக்கிறேன்.

'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற அமெரிக்கத் தட்டை எடுத்துக்கொள்வோம். பாடியவர் ஜானி மாத்திஸ். சான்பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர், உயரம் தாண்டுதலில் கெட்டிக்காரர். 1956-இல் ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்கும் பாட்டுப் பதிவுக்கும் ஒரே வேளையில் அழைப்பு வர, பாட்டின் பக்கம் போனார். மறு ஆண்டே 'சான்ஸஸ் ஆர்' அவரைப் புகழேற்றியது.

அவருடைய வெற்றிப் பாடல்கள் முதலில் பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சிறு தட்டுகளில் வந்தவை. 1958-இல் கொலம்பியா நிறுவனம் அவற்றையும் வேறு சிலவற்றையும் சேர்த்து, 12 பாடல்களை ஒரே எல்.பி. தட்டில் தொகுத்தது. கேட்ட பாட்டைத் திரும்பக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 490 வாரங்கள், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தத் தட்டு இடம்பிடித்திருந்தது. வெற்றிப் பாடல்களைத் தொகுத்து விற்பது பிறகு எல்லா நிறுவனங்களுக்கும் வழக்கமாயிற்று.

அதன் பழைய பிரதி ஒன்று கிடைத்தால் நடுவிலுள்ள சிவப்பு வட்டத்தைப் பாருங்கள். கண் வடிவச் சின்னங்கள் ஆறு இருந்தால், அது 1950-களின் பிற்பகுதியிலோ 1960-களின் தொடக்கத்திலோ அச்சானது. பிறகு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தூசியைத் துடைத்துவிடலாம். குறுக்கே விழுந்த கீறல் போகாது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டில் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும். பளபளப்பு மங்கிய இடம், பளுவான ஊசி பலமுறை ஓடிய இடமாக இருக்கலாம். அங்கே உச்ச சுருதிகள் கரகரக்கும்.

எந்தப் பாட்டு அதிகம் விற்றது என்பதை உறையில் அச்சிட்ட பெயர்கள் சொல்கின்றன. இந்தத் தட்டு இருந்த வீட்டில் எதை விரும்பிக் கேட்டார்கள் என்பதைத் தேய்மானம் சொல்கிறது. வேறெந்தப் பதிவேட்டிலும் இல்லாத தகவல் அது. புதுத் தட்டு அதைத் தராது.

ஆகவே, ஊசி தாவாமல் ஓடுகிறதென்றால் தயங்காமல் வாங்குங்கள். மிகவும் தேய்ந்த பாட்டு எதுவோ, அதை முதலில் கேளுங்கள்.