கீரைப் பாத்தியில் நீலப் பெயின்ட்

(மணிமங்கலத்தில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் பள்ளிகள் பலவற்றில் சத்துணவுக்கென்று ஒரு கீரைப் பாத்தியாவது இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எங்கள் பள்ளியில் பழைய வகுப்பறைச் சுவர் ஓரமாகப் பாத்தி போட்டோம். குழாய் பக்கத்திலேயே இருந்தது. அரைக்கீரை செழித்து வந்தது. ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கை நிறைய நீலத் துண்டுகளோடு வந்து, "கிளறக் கிளற இதுதான் வருது டீச்சர்" என்றாள். ஜன்னலிலிருந்து உதிர்ந்த பழைய பெயின்ட்! அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதியே 2016-இல்தான் வந்தது. எங்களிடம் இருந்த மண்வள அட்டை எல்லாம் சரி என்றது. ஆனால் அந்த அட்டையின் 12 அளவுகளில் ஈயமும் இல்லை, காட்மியமும் இல்லை.

ஒரகடம் சாலைப் புழுதியைத் தினம் பார்க்கும் நமக்கு உடனே தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். சோதிக்காமல் யாரையும் குறை சொல்ல வேண்டாம். அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. வேலூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு குறிப்பிடுகிறது.

மண்ணில் உள்ள உலோகம் முழுவதையும் செடி எடுப்பதில்லை. நீரில் கரைந்திருப்பதைத்தான் வேர் உறிஞ்சும். மண் அமிலத்தன்மை அடைந்தால் காட்மியமும் ஈயமும் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு இட்டால் அவை மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். மக்கிய தொழு உரமும் கரித்தூளும் அவற்றைப் பிடித்து வைக்கும். பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகும். குரோமியத்தின் கதை வேறு. நச்சு மிகுந்த ஆறு இணைதிற வடிவத்தை, மக்கு மெல்ல மூன்று இணைதிற வடிவமாக மாற்றிவிடும்.

இதைக் கேட்டதும் சுண்ணாம்பு மூட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். சுவரோர மண்ணில் காரை உதிர்ந்து ஏற்கெனவே காரத்தன்மை இருக்கலாம். செம்பருத்திச் சாற்றில் மண் கரைசலை விட்டுப் பாருங்கள், பச்சையாக மாறினால் சுண்ணாம்பு வேண்டாம், மக்கு உரமே போதும். ஆர்சனிக் உள்ள மண்ணில் பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் அதைக் கூடுதலாகக் கரையவிடக்கூடும்.

இன்னொன்று. எதைப் போட்டாலும் உலோகம் அங்கேயேதான் இருக்கும். பூட்டி வைக்கிறோம், அவ்வளவுதான். மண் மறுபடி அமிலமானால் பூட்டு திறந்துவிடும். பிள்ளைகளின் விரல் வழியாக வாய்க்குப் போகும் மண்ணையும், இலையில் படிந்த புழுதியையும் எந்தச் சுண்ணாம்பும் தடுக்காது. கையையும் கீரையையும் கழுவத்தான் வேண்டும்.

நாங்கள் கீரையைச் சுவரிலிருந்து தள்ளி, வேறு மண் கொட்டிய பாத்திக்கு மாற்றினோம். பழைய இடத்தில் மக்கு உரம் பரப்பிச் செம்பருத்தி நட்டிருக்கிறோம். "இதுவரைக்கும் சாப்பிட்டது, டீச்சர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். ஈயத்தையும் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றுக்கு அவளே மண் மாதிரியைப் பொட்டலம் கட்டினாள். முடிவுக்குக் காத்திருக்கிறோம்.