தொண்டர் படையும் உடல் தகுதியும்

(எண்ணூரில் நடைபெற்ற ஆபத்துக்கால உதவித் தொண்டர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தொண்டு செய்ய நல்ல மனம் இருந்தால் போதாதா, உடலையும் அளந்து பார்க்க வேண்டுமா என்று நண்பர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. ஆனால் துறைமுகங்களுக்கும் ஆலைகளுக்கும் நடுவே வாழும் நமக்கு அதன் விடையை அனுபவமே கற்பித்திருக்கிறது.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், காமராசர் துறைமுகத்தை அடுத்த கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் வந்து ஒதுங்கிற்று. தடித்த அந்தக் கசடை உறிஞ்சும் இயந்திரங்களால் சரிவர இழுக்க இயலவில்லை. ஆகவே கடலோரக் காவல் படையினரும் மீனவரும் மாணவரும் கரைக் கற்களின்மீது வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றினர். பத்து லிட்டர் வாளி நிறைந்தால் ஏறக்குறையப் பத்துக் கிலோ. அதை ஒருமுறை தூக்குவது யாவர்க்கும் எளிது. வழுக்கும் கல்லில் காலூன்றி, எண்ணெய் நெடியைச் சுவாசித்துக்கொண்டு, வெயிலில் நூறு முறை தூக்குவது வேறு காரியம். அவ்வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைக் கரையேற்ற இருவர் வேண்டும். ஆக மூவரின் வேலை நின்றுவிடும்.

2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு நேர்ந்தது வேறு வகை ஆபத்து. பெரியகுப்பத்தருகே, உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிய, மூச்சுத் திணற, மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய வேளையில் தோள் வலிமையைவிட நுரையீரலின் நலமே முக்கியம். மல்லனைப் போன்ற உடற்கட்டு உடையவராயினும், ஆஸ்துமா உள்ளவரை வாயு பரவிய தெருவுக்குள் அனுப்புவது அவருக்கு நாம் இழைக்கும் தீங்கு. முகக்கவசம் அணிய வேண்டிய பணிக்கு வருவோர் தாடியையும் மழித்துவிட வேண்டும். தாடி இருந்தால் கவசம் முகத்தோடு இறுகப் பொருந்தாது. இளைஞர் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறேன்! அவர்களுக்கு வேறு பணி தருவோம்.

ஆகவே உயரம் எவ்வளவு, மார்பளவு எவ்வளவு என்று நாடா பிடிப்பதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. செய்ய வேண்டிய வேலை எதுவோ, அதற்கேற்ற சோதனையே தகுந்த சோதனை. அமெரிக்காவில் காட்டுத்தீயை அணைக்கச் செல்வோருக்கு மூன்று படிகள் வகுத்திருக்கிறார்கள். கடும் பணிக்கு, சுமார் 20 கிலோ சுமையுடன் 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து கடக்க வேண்டும். நடுத்தரப் பணிக்கு 11 கிலோ சுமை, 3.2 கிலோமீட்டர், 30 நிமிடம். இலகுவான பணிக்குச் சுமையின்றி 1.6 கிலோமீட்டரை 16 நிமிடத்தில் நடந்தால் போதும். ஓடக்கூடாது என்பது விதி. சோதனைக்கு முன்னரே நெஞ்சுவலி உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

இதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. நம் கடற்கரையின் புழுக்கம் வேறு. நிழலில் அமர்ந்து வேலை பார்ப்போரின் உடல் வெயிலில் உழைக்கப் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரங்களாவது வேண்டும். ஆனால் வேலைக்கேற்ற படிகள் என்னும் முறை நமக்கு மிகவும் பொருந்தும். காசிமேட்டில் மீன்கூடையைத் தலையில் சுமந்து நடக்கும் தாய்மார்களுக்கு நடுத்தரப் படி ஒரு பொருட்டாக இராது என்பது என் எண்ணம்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையுள்ளவர்களையே தொண்டர்களாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரு விதி வகுக்கும்போது எங்கேனும் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். எனினும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குப் படகைக் கொண்டுவந்த மீனவரை வயது கேட்டா ஏற்றுக்கொண்டோம்? 2023 டிசம்பர்ப் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயை அள்ளியவர்களும் அந்த நீரை அறிந்த மீனவர்களே. முகத்துவாரத்தில் எங்கே மணல்மேடு, எங்கே சுழல் என்பதை அறிந்த ஐம்பது வயதுக்காரரை நம் பட்டியலிலிருந்து நீக்கினால், இழப்பு நமக்கே. அவர் சுக்கான் பிடிக்கட்டும். கயிற்றை இளைஞர் இழுக்கட்டும். அவருக்கும் இரத்த அழுத்தத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு, லாரிகள் வராத கடற்கரைப் பாதையில் நடைச் சோதனை நடைபெறும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முதலில் அனைவரையும் பார்ப்பார். கடும் படிக்கு வருவோருக்குச் சுமையாக, நம் வீடுகளில் உள்ள 20 லிட்டர் தண்ணீர்க் கேன். அது நிறைந்தால் இருபது கிலோ. அதை முதுகில் கட்டிக்கொள்ளக் கயிறு தருவோம். படகுப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்கள் உடுத்த உடையோடு நீந்திக் காட்ட வேண்டும். பெயர்களை மூன்று பட்டியல்களாக எழுதி ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுவோம். எந்தப் பட்டியலில் இருப்பவருக்கும் அடையாள அட்டை ஒன்றே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை மீண்டும் நடைபெறும். இடையே காய்ச்சலோ காயமோ கண்டவர்கள் தாமே முன்வந்து தெரிவித்துப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். இரவில் நன்றாக உறங்கிவிட்டு வாருங்கள்.