விலை வைத்துத் தந்த விடுதலை



ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரை ‘விடுதலை தந்த ஜார்’ என்று வரலாறு அழைக்கிறது. அந்தப் பெயருக்கு அவர் உரியவர்தான். ஆனால் அந்த விடுதலைக்கு உழவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கிரிமியப் போரில் ரஷ்யா திணறிக்கொண்டிருந்த 1855இல் அவர் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே மாஸ்கோப் பிரபுக்களைக் கூட்டி, பண்ணையடிமை முறை கீழிருந்து தகர்வதற்குள் மேலிருந்து நாமே ஒழித்துவிடுவது நல்லது என்று எச்சரித்தார். ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி 1861 பிப்ரவரி 19 அன்று பிரகடனத்தில் கையெழுத்திட்டார். நிலப்பிரபுக்களின் உடைமையாக இருந்த 2 கோடிக்கும் மேற்பட்ட மக்களை இனி யாரும் விற்க முடியாது, வாங்க முடியாது. அவர்கள் பிரபுவின் அனுமதி கேட்காமல் மணம் செய்துகொள்ளலாம், சொத்து வாங்கலாம். இதை யாரும் சிறிதென்று சொல்லக் கூடாது.

நிலத்தின் கதை வேறு. பரம்பரையாகத் தாங்களே உழுதுவந்த மண்ணை அவர்கள் விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் பாருங்கள். ஒருவர் பிரபுவுக்கு ஆண்டுதோறும் 10 ரூபிள் கட்டிவந்தார் என்று வைத்துக்கொள்வோம். 6 விழுக்காடு வட்டியில் 10 ரூபிள் தரக்கூடிய முதல் எவ்வளவோ அதுவே நிலத்தின் விலை: ஏறத்தாழ 167 ரூபிள். முழுப் பங்கு நிலம் பெற்றவருக்காக அதில் ஐந்தில் நான்கு பங்கை அரசு பத்திரங்களாகப் பிரபுவிடம் கொடுத்தது. அந்த 133 ரூபிளுக்காக உழவர் ஆண்டுக்கு 8 ரூபிள் வீதம் 49 ஆண்டுகள் அரசுக்குக் கட்ட வேண்டும். கூட்டினால் 392 ரூபிள்! மண் வளமற்ற வட மாவட்டங்களில் இந்த விலை சந்தை விலையைவிட அதிகம். ஆளுக்கு விலை இல்லை என்று சட்டம் சொன்னது. நிலத்தின் விலைக்குள் ஆளின் விலையும் ஒளிந்திருந்தது.

தவணைக்குக் கிராமச் சமுதாயம் முழுவதும் கூட்டுப் பொறுப்பு. ஒருவர் கட்டத் தவறினால் சுமை மற்றவர்கள் தலையில். ஆகவே ஊரைவிட்டுப் போக நினைத்தவர்களைச் சமுதாயமே எளிதில் விடவில்லை.

இதுதான் உண்மையான விடுதலையா என்று உழவர்கள் கேட்டார்கள். கசான் மாநிலத்தின் பெஸ்த்னா கிராமத்தில், ஓரளவு எழுத்தறிந்த அன்டோன் பெட்ரோவ் விடுதலைச் சட்டநூலைப் படித்துவிட்டு, ஜார் நிலத்தை நமக்கே தந்துவிட்டார், பிரபுக்கள்தான் மறைக்கிறார்கள் என்றார். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 1861 ஏப்ரலில் படை சுட்டது. ஐம்பது பேருக்கு மேல் மாண்டனர். பெட்ரோவ் அந்தச் சட்டநூலைத் தலைமேல் ஏந்தியபடி வெளியே வந்து சரணடைந்தார். அவருக்கு மரண தண்டனை.

நமக்கு நன்கு அறிமுகமான எழுத்தாளர் டால்ஸ்டாய், அந்நாளில் தூலா மாநிலத்தில் உழவர்க்கும் பிரபுக்களுக்கும் இடையே சமரசம் செய்யும் அலுவலராக இருந்தார். அவர் உழவர் பக்கம் சாய்கிறார் என்று பிரபுக்கள் ஓயாமல் புகார் செய்தனர். 1862இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

1864இல் வந்த நீதித்துறைச் சீர்திருத்தத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். திறந்த நீதிமன்றம், ஜூரி, பதவி பறிக்க முடியாத நீதிபதிகள் எல்லாம் அதன் கொடை. ஆயினும் உழவர்களின் அன்றாட வழக்குகள் தனியே அவர்களுக்கென்று அமைந்த வட்டார மன்றங்களுக்கே போயின. அங்கே பிரம்படித் தண்டனை 1904 வரை நீடித்தது.

1881 மார்ச் 1 அன்று புரட்சியாளரின் குண்டுக்கு மன்னர் பலியானார். உழவர்களோ தவணை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1905இல் கிராமங்கள் கொந்தளித்து எழுந்த பின்னரே மீட்புப் பணம் அடுத்த ஆண்டுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டு, 1907இல் அடியோடு நீக்கப்பட்டது.