செவிவழி விண்வெளி

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனோடு நின்றுவிடவில்லை. கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏட்டைக் கண்ணால் வாசித்து அறிவது ஒன்று, வாசிப்பார் வாயிலிருந்து காதால் ஏற்று அறிவது மற்றொன்று என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். ஏடு எல்லார் இல்லத்திலும் இராத காலத்திலே, கோயில் மண்டபத்தில் ஒருவர் வாசிக்க ஊரார் கூடியிருந்து கேட்டனர். பின்னர் அச்சு வந்தது, புத்தகம் மலிந்தது, ஒவ்வொருவரும் தத்தம் அறையிலிருந்து மௌனமாக வாசிக்கப் பழகினர். இப்பொழுதோ நூலைக் காதால் கேட்கும் வழக்கம் மீண்டும் உலகெங்கும் பரவியிருக்கிறது. அவ்வாறு கேட்கப்படும் நூலுக்கு ஒலிநூல் என்று பெயர். ஒலிநூல்களாக வந்துள்ள விஞ்ஞானக் கதைகளைப் பற்றியும், அவற்றை வாசித்தளிக்கும் குரல்களைப் பற்றியும் நேயர் ஒருவர் கொண்டுள்ள கருத்துக்களே இன்றைய பேச்சின் பொருளாகும்.

அந்த நேயர் வடமராட்சியைச் சேர்ந்தவர். தபாலதிபராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவர். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். பாடசாலை மாணவனாக இருந்தபோது, எச். ஜி. வெல்ஸ் 1898 இல் வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்னும் ஆங்கில நாவல் அவர் கைக்கு எட்டியது. செவ்வாய்க் கிரகத்தார் பூமியின்மீது படையெடுத்த அக்கதையை வாசித்த நாள்முதல் விஞ்ஞானக் கதைகளை அவர் விட்டதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய புத்தகங்கள் இரண்டு அலுமாரிகளை நிறைத்தன. ஓய்வுபெற்றபின் ஆறுதலாக அவற்றை மீண்டும் வாசிக்கலாம் என்றிருந்தார். ஆனால் கண்ணழுத்த நோய் அவரை முந்திக்கொண்டது. அந்நோய் ஓரப் பார்வையை ஓசையின்றி அரித்து, நடுப் பார்வையையும் நெருங்கிய பின்னரே தன்னை வெளிக்காட்டுவதுண்டு. இழந்த பார்வையை வைத்தியத்தால் மீட்க இயலாது. எழுத்துக்கள் முற்றாக மறைந்தபோது, புத்தகங்கள் அனைத்தையும் ஊர் வாசிகசாலைக்குக் கொடுத்துவிட்டார். அன்று இரவு அவர் உணவு உண்ணவில்லை என்று வீட்டார் கூறுவர்.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், மகளின் மகள் தன் கைத்தொலைபேசியில் ஒரு நூலை ஒலிக்கச் செய்து அவர் பக்கத்தில் வைத்தாள். அது பழைய வெல்ஸ் நாவலே. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தொண்டர்கள் வாசித்து இலவசமாக வழங்கும் 'லிப்ரிவொக்ஸ்' என்னும் முயற்சி 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது; அவ்வழியாக வந்த குரல் அது. தொழில்முறைப் பயிற்சி பெற்ற குரலன்று. எனினும் அதைக் கேட்டு முடிக்கும்வரை கிழவர் சாய்மனைக் கதிரையை விட்டு எழவில்லை. அதன்பின் அவர் கேட்ட நூல்கள் பல. நாற்பது ஆண்டுகளாகக் கடிதங்களைத் தரம்பிரித்த கையல்லவா! குரல்களையும் அவர் தரம்பிரித்தே வைத்திருக்கிறார்.

ஒலிநூல் என்பது கண்ணிழந்தாரை மனத்திற்கொண்டு பிறந்த ஒன்று என்பதை அவர் அடிக்கடி நினைவூட்டுவார். தோமஸ் அல்வா எடிசன் 1877 இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். மறுவருடமே அதன் பயன்களை நிரைப்படுத்தி எழுதிய கட்டுரையில், கண்பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் நூல்களையும் அவர் குறிப்பிட்டார். அந்த எண்ணம் 1930 களிலேயே நிறைவேறியது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேசும் நூல்கள் இசைத்தட்டுக்களிற் பதியப்பட்டுக் கண்பார்வையற்றோருக்கு அனுப்பப்பட்டன. 1952 இல் நியூயோர்க் நகரத்து இளம்பெண்கள் இருவர் 'கட்மன்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்து, எழுத்தாளரின் குரலைப் பொதுமக்களின் வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். அதன்பின் ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது, இன்று இருபது மணித்தியால நூலொன்று சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணிழந்தாருக்கென வெட்டிய பாதையிலே இன்று கண்ணுடையாரும் பயணஞ் செய்கின்றனர்.

இனி, நேயரின் கருத்துக்களுக்கு வருவோம். விஞ்ஞானக் கதையை வாசிப்பவருக்கு ஏனைய கதைகளை வாசிப்பவரிலும் பொறுப்பு அதிகம் என்பது அவரது முதற் கருத்து. முற்றத்து வேப்பமரம் என்று கதையில் வந்தால், கேட்பவர் தாம் கண்ட வேப்பமரமொன்றை மனத்தில் நட்டுக்கொள்வார். வாசிப்பவர் சற்றே தவறினாலும் மரம் சாய்ந்துவிடாது. செவ்வாய்க் கிரகத்தின் செந்நிறப் பாலையையோ, வேறொரு சூரியனைச் சுற்றும் கோளத்தையோ கண்டவர் ஒருவருமில்லை. அங்கே கண்ணுடையாரும் கண்ணிலாரும் ஒன்றே. இருவருக்கும் வாசிப்பவரின் குரல்தான் கண். ஆகவே அக்குரல் அவசரப்படக்கூடாது. அகலவுயரங்களையும் தூரங்களையும் சொல்லுமிடத்தில் நிதானிக்க வேண்டும். அச்சு நூலாயின் விளங்காத வரியைத் திரும்பப் பார்க்கலாம். கேட்பவருக்கோ வரி கடந்துபோனால் போனதுதான். பின்னோக்கிச் செலுத்தித் தேடுவதற்குள் கதையின் சூடு ஆறிவிடும்.

வியப்பான செய்தியை வியப்பில்லாத குரலிலே சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது கருத்து. இதற்கு அவர் இரண்டு வானொலி நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டுவார். அவை ஒலிநூல்கள் அல்ல, நாடகங்களே. ஆயினும் குரலின் இலக்கணம் ஒன்றுதான் என்பது அவர் வாதம். 1938 ஒக்ரோபர் 30 ஆம் திகதி ஓர்சன் வெல்ஸ் என்னும் கலைஞர், அதே 'உலகங்களின் போர்' கதையை அமெரிக்க வானொலியில் நாடகமாக்கினார். செய்தி அறிவிப்பின் வடிவத்தைக் கையாண்டமையால், நேயருட் சிலர் அதனை மெய்யென்றே நம்பி அஞ்சினர். நாடு முழுவதுமே கலங்கியதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகை என்று பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆனால் அந்தச் சிலரை நம்பவைத்தது அலறலன்று. நாள்தோறும் கேட்டுப் பழகிய செய்தியறிவிப்பின் சாதாரணத் தொனியே என்கிறார் நேயர்.

மற்றையது, பி. பி. சி. வானொலி 1978 மார்ச்சில் ஒலிபரப்பத் தொடங்கிய டக்ளஸ் அடம்ஸின் நகைச்சுவைத் தொடர். 'அண்டவெளி வழிப்போக்கருக்கான கையேடு' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். முதலில் வானொலியில் ஒலித்து, மறுவருடமே நாவலாக அச்சேறிய கதை அது. விண்வெளியில் பெருந்தெரு அமைப்பதற்காகப் பூமி இடிக்கப்படுகிறது. கையேட்டின் குரலாக வந்த பீற்றர் ஜோன்ஸ் எவ்வளவு விபரீதமான செய்தியையும் கந்தோர் அறிவித்தலை வாசிப்பவர்போலப் பதறாமற் கூறினார். அவர் சிரிக்கவில்லை, ஆதலால் கேட்டவர்கள் சிரித்தனர்.

ஒரே நூலை இருவர் வாசித்தால் எது சிறந்தது என்னும் கேள்வியில், அந்த வீட்டிலேயே ஒரு வழக்குண்டு. அன்டி வியர் எழுதிய 'த மார்ஷியன்' என்னும் நாவல், செவ்வாயிலே தனித்து விடப்பட்டு, உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் காக்கும் ஒருவனின் நாட்குறிப்பாக அமைந்தது. அதை முதலில் ஆர். சி. பிறே என்பவர் வாசித்தார். 2020 இல் வில் வீற்றன் என்னும் நடிகரின் வாசிப்பு வெளிவந்தது. கிழவருக்கு முந்திய குரலே உகந்தது. களைத்துப்போன மனிதன் தன் களைப்பை மறைக்கப் பகிடி சொல்வது அக்குரலில் கேட்கிறதாம். பேர்த்திக்குப் பிந்தியது பிடிக்கும். ஒருநாள் அவள், "அம்மப்பா, நீங்கள் முதல் கேட்ட குரலுக்கெல்லோ தீர்ப்புச் சொல்லுறியள்" என்றாள். கிழவர் நெடுநேரம் யோசித்தார். பிள்ளை சொல்வதில் நியாயமுண்டு என்று ஒப்புக்கொண்டார். முதலில் ஒரு கதையைக் கொண்டுவந்த குரல் கதையோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் வருபவர் எவ்வளவு வல்லவராயினும் விருந்தாளியே. ஆகையால், பழக்கம் எது தகுதி எது என்று பிரித்தறியாமல் எந்த வாசிப்பாளரையும் குறைகூறலாகாது என்பதை அன்றுமுதல் தம் மூன்றாவது கருத்தாக வைத்துக்கொண்டார்.

பல குரல்கள் கூடி வாசிப்பதை அவர் முற்றாக வெறுப்பவரல்லர். ஆனால் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பார். பிராங்க் ஹேபேட் 1965 இல் வெளியிட்ட 'டியூன்' நாவலுக்கு, 2007 இல் வெளியான ஒலிப்பதிவு ஒன்றுண்டு. இருபது மணித்தியாலத்துக்கு மேற்பட்டது. அதிலே சில பகுதிகளில் பாத்திரத்துக்கு ஒரு குரலாகப் பலர் பேசுகின்றனர். வேறு சில பகுதிகளில் ஒருவரே எல்லாருக்குமாகப் பேசுகிறார். நேற்று ஒரு குரலில் பேசிய பாத்திரம் இன்று வேறொரு குரலில் பேசினால், கண்ணிலாதவர் அவரை எங்ஙனம் அடையாளம் காண்பது? கண்ணிழந்தாருக்குக் குரலே முகம். நடுக்கதையில் முகத்தை மாற்றலாமோ என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி.

அதேவேளை, அச்சால் இயலாததை ஒலி செய்துகாட்டிய இடமும் உண்டு. அன்டி வியரின் 'புரொஜெக்ட் ஹெயில் மேரி' 2021 இல் வெளிவந்தது. பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் விண்வெளியின் தொலைவில் வேற்றுலக உயிரொன்றைச் சந்திக்கிறார். அவ்வுயிரின் பேச்சு இசைச் சுரங்களால் ஆனது. அச்சு நூலிலே இசைக் குறிகளை மட்டுமே காணலாம். றே போட்டர் வாசித்த ஒலிநூலிலோ சுரங்களையே கேட்கலாம். அமெரிக்க ஒலிநூல் வெளியீட்டாளர் சங்கம் 2022 இல் ஆண்டின் சிறந்த ஒலிநூலாக அதனைத் தெரிவுசெய்தது. புத்தகங்களைக் கொடுத்துவிட்ட இரவின்பின் தாம் எதனையோ இழந்தோம் என்று எண்ணாமற் கேட்ட முதல் நூல் அதுவே என்று நேயர் கூறுகிறார். கண்ணுடையாருக்கு வாய்க்காத ஒன்று அன்று அவருக்கு வாய்த்தது.

குறைகளையும் அவர் மறைப்பதில்லை. பெண் பாத்திரம் பேசும்போது ஆண் வாசிப்பாளர் குரலைக் கீச்சென்று ஒடுக்குவது, சொல்லை மூழ்கடிக்கும் பின்னணி இசை, பெயர்களை மனம்போன போக்கில் உச்சரிப்பது ஆகியவற்றை அவர் பொறுப்பதில்லை. "பேரைப் பிழையாச் சொல்லுறவன் காயிதத்தைப் பிழையான வீட்டிலை போடுறான்" என்பது அந்தத் தபாலதிபரின் தீர்ப்பு. ஆர்தர் சி. கிளார்க்கின் நூல்களைக் கேட்கும்போது இந்த அக்கறை அவருக்கு இரட்டிப்பாகும். 1956 இல் இலங்கைக்கு வந்த கிளார்க், 2008 மார்ச் 19 ஆம் திகதி மறையும்வரை இந்நாட்டையே இல்லமாகக் கொண்டிருந்தார். 'சுவர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்று பொருள்படும் 1979 ஆம் ஆண்டு நாவலில், பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் உயர்த்தியை அவர் கற்பனை செய்தார். அதற்கென இலங்கையைப் பூமத்திய ரேகைவரை நகர்த்திப் பழம்பெயர் சூட்டினார். சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் புதுப் பெயரில் அங்கே வைத்தார். அந்தப் பெயர்களைத் தடுமாறாமற் சொல்வதற்கு வாசிப்பாளர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருத்தல் வேண்டும். கிளார்க் தம் நூல்களின் பகுதிகளைத் தாமே வாசித்து 1970 களில் இசைத்தட்டுக்களிற் பதிந்திருக்கிறார் என்பதை நேயர் மகிழ்ச்சியுடன் குறிப்பிடுவார்.

இயந்திரமே வாசிக்கும் காலமும் வந்துவிட்டது. விஞ்ஞானக் கதை விரும்பியாகிய இவர் அதனை வரவேற்பவரா? செய்திகளையும் கடிதங்களையும் இயந்திரக் குரலிலேயே, அதுவும் இருமடங்கு வேகத்தில் அவர் கேட்கிறார். மருந்துப் போத்தலின் சிட்டையைப் பிறர் உதவியின்றி அறிய முடிவது அக்குரலாலேயே. அதை ஏளனஞ் செய்பவர் கண்ணிருப்பவராய்த்தான் இருப்பார் என்பார். கதைக்கு மட்டும் மனிதக் குரல் வேண்டுமாம். காரணமும் சொல்வார். அவருடைய தந்தையார் ஊர்க் கோயிலிற் கந்தபுராணப் படிப்பிலே பயன் சொல்பவர். ஒருவர் பாட்டை இசையுடன் வாசிக்க, இவர் பொருளை விரித்துரைப்பார். சூரன் போருக்கு எழும் கட்டம் வந்தால், ஆண்டுதோறும் சொன்ன கதையாயினும் பயன் சொல்பவர் ஒருகணம் தயங்குவார். அந்தத் தயக்கத்திலே ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்திருக்கும். கதை தெரிந்த ஒருவர், தெரியாதவரை எண்ணித் தயங்கும் தயக்கம் அது. வாசிப்பவர் என்பவர் அதுதான் என்பது அவரது முடிவு.

இவ்வளவும் ஆங்கில நூல்களைக் கேட்டு வந்த கருத்துக்கள். ஆங்கிலம் அறியாத கண்ணிழந்தார் எங்கே போவார்? அந்தக் கேள்வியே இப்பொழுது முதியவரை உறங்கவிடாமற் செய்கிறது. அயலில் அவரைப்போலவே பார்வை இழந்த மூவர் உளர். விண்வெளிக் கதை எதுவும் அவர்கள் காதை எட்டியதில்லை. எனவே பேர்த்தி வெல்ஸின் நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழாக்கி, கைத்தொலைபேசியிலே வாசித்துப் பதிந்து வருகிறாள். கிழவர் அருகிலிருந்து நிறுத்தும் இடங்களைத் திருத்துகிறார். முதல் அத்தியாயத்துக்கு மூன்று இரவுகள் சென்றன. நான்காம் நாள் அதைக் கேட்ட மூவரில் ஒருவர், செவ்வாயார் பூமிக்கு வந்துசேர இன்னும் எத்தனை நாள் செல்லும் என்று ஆளனுப்பிக் கேட்டிருந்தார்.

நல்ல குரலும், நாளொன்றுக்கு அரை மணித்தியாலமும் உடைய இளைஞர் நம் ஊர்களிற் பலர் உளர். அவர்களுள் ஒவ்வொருவரும் தம் அயலிலுள்ள ஒருவருக்காக ஒரு நூலை வாசித்துப் பதிந்தால், அந்தக் கேள்விக்கு விடை பிறந்துவிடும். வடமராட்சியில் இரண்டாம் அத்தியாயம் இன்றிரவு பதிவாகிறது.