வீடு வருகிறது, காணி யாருக்கு?

(மாதர், இளைஞர் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றியும் வேலை நாளைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று கொழும்பு நகரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். தோட்டத்துச் சங்கத்துக்குக் கொழும்பில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே கடையிலும் ஹோட்டலிலும் வீட்டு வேலையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள் என்று லயம் லயமாக எண்ணிப் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. வீடு, காணி விஷயத்தில் நாளை நமக்கு நடக்கக்கூடியது அங்கே ஏற்கனவே நடந்திருக்கிறது.

கொழும்பில் ஏழைகள் நெருக்கமாக வாழும் குடியிருப்பைச் சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். தமிழில் அதுவும் தோட்டம்தான். பெயரைப் போலவே பிறப்பும் நமக்குச் சொந்தம். மலையில் முதலில் கோப்பி, பிறகு தேயிலை. அதைக் கப்பலேற்றத் துறைமுகம் வேண்டியிருந்தது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் வைத்தார்கள், 1885இல் முடித்தார்கள். துறைமுகத்திலும் களஞ்சியத்திலும் வேலை செய்ய வந்தவர்கள் வரிசை வரிசையான சிறு அறைகளில் குடியிருந்தார்கள். பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கொழுந்து பறித்தவர்களுக்கு லயம். அந்தத் தேயிலையைச் சுமந்தவர்களுக்கு வத்த.

அந்த மக்களுக்கு நல்ல வீடு தருகிறோம் என்று பல அரசாங்கங்கள் வந்தன. அவற்றில் இரண்டு வழிகளை நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். பிரேமதாச அப்போது பிரதமர். அந்தத் திட்டத்தில் அரசாங்கம் முழு வீட்டையும் கட்டிக் கொடுக்கவில்லை. சிறு கடன் கொடுத்தது, ஆலோசனை கொடுத்தது; குடும்பங்கள் தாங்களே கட்டின. நகரத்துக் குடியிருப்புகளில் தேசிய வீடமைப்பு அதிகார சபை அதிகாரிகள் மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒழுங்கை எவ்வளவு அகலம், யாருடைய வேலி எங்கே, குழாய் எங்கே என்று அங்கே இருப்பவர்களே முடிவு செய்யக் கூடிய ஒரு முறை இருந்தது. கிணறு, வடிகால் போன்ற சிறு வேலைகளை அந்த இடத்து மக்கள் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுத்ததும் உண்டு. குறை இல்லாத திட்டம் என்று நாம் சொல்லவில்லை. கடன் வசூலில் அரசியல் புகுந்தது. மிகவும் ஏழையான குடும்பத்துக்கு அந்தக் கடன் போதவில்லை. ஆனால் மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் அயலவரும் கைவிட்டுப் போகவில்லை.

இரண்டாவது வழி 2010க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார்கள். வீடு கட்டுகிற விஷயம் பாதுகாப்பு அமைச்சுக்குப் போனது ஏன் என்று நாம் யோசிக்க வேண்டும். அதே 2010 மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகளை இராணுவமும் பொலிஸும் நிற்க இடித்தார்கள். கொழும்பில் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். அவர்களைத் தொடர்மாடிகளுக்கு அனுப்புவது, அதனால் வெறுமையாகும் பெறுமதியான காணியை முதலீட்டாளருக்குக் கொடுப்பது, அந்தப் பணத்தில் மேலும் தொடர்மாடி கட்டுவது. இதுதான் திட்டத்தின் கணக்கு. 'நகரப் புத்துயிர்ப்பு' என்று அதற்குப் பெயர்.

தொடர்மாடியே கூடாது என்பது நம் வாதமில்லை. வெள்ளம் வராத வீடு, உள்ளேயே கக்கூஸ், ஒழுகாத கூரை. இதை விரும்பிப் போனவர்களும் உண்டு, அங்கே சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் போன பிறகுதான் பலருக்குச் சில விஷயங்கள் தெரிந்தன.

இலவச வீடு என்று நினைத்தவர்களிடம் தவணை கேட்டார்கள். பல குடும்பங்களுக்கு மொத்தம் 10 இலட்சம் ரூபா அளவில் வந்தது, இருபது வருடம், முப்பது வருடம் என்று கட்ட வேண்டும். நாட்கூலிக்காரருக்கு மாதத் தவணை எவ்வளவு பாரம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கு மேல் மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு. லிஃப்ட் பழுதானால் பன்னிரண்டாம் மாடிப் பாட்டி கீழே இறங்க முடியாது. வாசலில் இடியப்பம் விற்றவருக்கு மேல் மாடியில் வாடிக்கை இல்லை. பழைய இடத்தில் பெரிய வீடு கட்டியிருந்தவருக்கும், 1973ஆம் ஆண்டு வீட்டு உச்சவரம்புச் சட்டத்தால் சொந்த உரிமை பெற்றிருந்தவருக்கும், 400, 500 சதுர அடிக்குள் ஒரே அளவு வீடு. உறுதி கைக்கு வரப் பலர் பல வருடம் காத்திருந்தார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்?

மலையகத்திலும் வீடு வருகிறது. இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்று தொடங்கி, 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்பது நாம் போராடிப் பெற்ற ஒரு படி. லயத்து உரிமை வேலையோடு ஒட்டியது. பேரேட்டில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கூரையும் நிச்சயமில்லை. உறுதியுள்ள காணி அந்தக் கட்டை அறுக்கும். அதனால்தான் அது அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. தோட்டக் காணி அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகள் கையில். வீடு கட்டி முடிந்தும் உறுதி வராமல் இருப்பது நமக்குப் புதிதல்ல.

இடம் மாறுவதையும் நாம் எதிர்க்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. போவதற்கு வேறு இடம் தயாராக இருக்கவில்லை. மலை சரியும் இடத்தில் இருந்து நம்மை மாற்றத்தான் வேண்டும், அதுவும் மண் சரிவதற்கு முன்னால்.

ஆகவே யார் வீடு தர வந்தாலும், எந்தக் கட்சி வந்தாலும், கையெழுத்து வைக்கும் முன் ஐந்து கேள்வி கேட்போம்.

ஒன்று: உறுதி எப்போது, யார் பெயரில்? கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வீடு திறக்கும் நாளிலேயே கையில் வேண்டும்.

இரண்டு: மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், மாதம் எவ்வளவு, எத்தனை வருடம்? எழுத்தில், தமிழில் வேண்டும்.

மூன்று: பாதை, தண்ணீர், பள்ளிக்கூடம், மருந்தகம், வேலைத்தளம் எவ்வளவு தூரம்? பாதையும் வடிகாலும் பிரதேச சபையின் பொறுப்பா, தோட்டத்தின் பொறுப்பா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை தோட்டத்துக்குள் செலவு செய்யச் சபைகளுக்குத் தடையிருந்தது. இப்போது அந்தச் சாக்கு இல்லை.

நான்கு: நாம் விட்டுப் போகும் லயத்துக் காணி என்ன ஆகும்? வீட்டுத் தோட்டம், மாட்டுப்பட்டி, கோயில், இடுகாடு என்ன ஆகும்?

ஐந்து: திட்டத்தை வரைந்தபோது நம்மில் யாரைக் கேட்டார்கள்?

இந்த ஐந்தையும் ஒவ்வொரு தோட்டக் கிளையும் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். தலைவர்மார் மட்டும் பேசினால் போதாது. வீட்டில் தண்ணீர் எடுப்பவரும் அடுப்பெரிப்பவரும் அக்காமாரும் தங்கச்சிமாரும்தான். வரைபடத்தைப் பார்க்கும்போது அவர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். பதில் எழுத்தில் வராவிட்டால் கையெழுத்தை நிறுத்தி வைத்து, சங்கத்துக்கு அறிவியுங்கள். மாவட்டக் குழு உங்களோடு வந்து பேசும்.