கால்குலேட்டருக்குள் ஒரு கையெழுத்து

(நமது குடியிருப்பின் மூத்தோர் வட்டத்தில், 'ஓய்வுக்குப் பின் என் பொழுதுபோக்கு' என்ற தொடரில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன்னால் பேசியவர்கள் மாடித் தோட்டம் பற்றியும் பழைய நாணயங்கள் பற்றியும் அழகாகப் பேசிவிட்டார்கள். என் பொழுதுபோக்கு கொஞ்சம் விசித்திரமானது. கால்குலேட்டரை நோண்டுவது. ஸ்க்ரூ டிரைவரால் அல்ல, அதற்குள் இருக்கும் இயங்குதளத்தை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை. தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர், "சார், இது ஹேக்கிங் இல்லையா? குழந்தைகளும் வருவார்கள், பேசலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்று என் வேலை.

முதலில் பொருளைக் காட்டிவிடுகிறேன். இது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் டி.ஐ-83 பிளஸ். என் மகன் அமெரிக்காவில் படித்தபோது வாங்கியது. கடையில் தொண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கணக்குப் பொறி அல்ல இது. சமன்பாட்டைக் கொடுத்தால் கோட்டை வரைந்து காட்டும். இந்த வகையில் முதலாவது 1985இல் காசியோ கம்பெனி கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் பல பொதுத் தேர்வுகளுக்குச் சாதாரணக் கால்குலேட்டரைக்கூட எடுத்துப் போக முடியாது. அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்வுக்கே இதைக் கொண்டுபோகலாம். அதனால் அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இதை வாங்கினார்கள். ஒரு வகுப்பில் முப்பது பேர், எல்லார் பையிலும் ஒரே மாதிரி சின்னக் கம்ப்யூட்டர், ஆசிரியர் போர்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். அப்புறம் நோண்டாமல் இருப்பார்களா?

அந்தக் கதை 1990களிலேயே தொடங்கிவிட்டது. டி.ஐ-85 என்ற மாடலில் கம்பெனி கொடுத்த பேசிக் மொழியில் மட்டும்தான் புரோகிராம் எழுதலாம். வேகம் மாட்டு வண்டி. ஆனால் நினைவகத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, பிறகு திரும்ப ஏற்றும் வசதி ஒன்று இருந்தது. சிலர் அந்த நகலில் ஒரு மெனுவின் முகவரியை மாற்றித் திரும்ப ஏற்றினார்கள். பொத்தானை அழுத்தியதும் கால்குலேட்டர் கம்பெனி எழுதிய இடத்துக்குப் போகாமல் இவர்கள் எழுதிய இடத்துக்குப் போனது. 1994இல் இப்படி வந்ததுதான் இசட்ஷெல். கம்பெனி கோபப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. அடுத்து வந்த மாடல்களில் அவர்களே இயந்திர மொழிப் புரோகிராம்களுக்கு வழி விட்டார்கள். இந்த 83 பிளஸ்ஸில் அது வெளிப்படையான வசதி. கீபோர்டிலேயே 'சி9' என்று அடித்தால் போதும், அது ஒரு முழுப் புரோகிராம். 'வந்த வழியே திரும்பிப் போ' என்பது அதன் பொருள். என் முதல் புரோகிராம் அதுதான். ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தது. எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

நான் பி.காம். படித்தவன். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் உள்ளே போனால் எல்லாமே பழைய கிளை அலுவலகம் மாதிரிதான் இருக்கிறது. இதன் மூளை இசட்80 என்ற சிப். 1976இல் வந்தது. அதனால் ஒரே நேரத்தில் 64 கிலோபைட் வரைதான் பார்க்க முடியும். ஆனால் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகமோ 512 கிலோபைட். எப்படிச் சமாளிக்கிறது? மேஜையில் நான்கு லெட்ஜருக்குத்தான் இடம், ரெக்கார்டு ரூமில் 32 லெட்ஜர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியதை எடுத்து வைத்து, வேண்டாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு லெட்ஜரும் 16 கிலோபைட். இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? பேங்க் ஸ்விட்சிங்! ரிடையர் ஆனாலும் பேங்க் என்னை விடவில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது இது எண்களை எழுதி வைக்கும் முறை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் பைத்தான் இருந்தால் 0.1 உடன் 0.2ஐக் கூட்டச் சொல்லுங்கள். விடை 0.30000000000000004 என்று வரும். பொய் இல்லை, இன்று இரவே செய்து பாருங்கள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. நமக்கு மூன்றில் ஒரு பங்கு 0.3333 என்று முடியாமல் போவதுபோல, அதற்குப் பத்தில் ஒரு பங்கு முடியாமல் போகிறது. எங்கோ வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் வித்தியாசம் வரும். இந்தக் கால்குலேட்டரோ பத்தின் முறையிலேயே எழுதி வைக்கிறது. ஒரு எண்ணுக்கு 9 பைட். அதில் 7 பைட்டில், பைட்டுக்கு இரண்டு வீதம், 14 இலக்கங்கள். மீதி இரண்டில் ஒன்று கூட்டல் கழித்தல் குறி போன்ற விவரத்துக்கு, இன்னொன்று புள்ளி எங்கே என்று சொல்ல. பத்து பைசா பத்து பைசாவாகவே இருக்கும். கணக்கு முடிக்கும் நாளில் இரண்டு பைசா வித்தியாசத்துக்காக இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்தவர்கள் இந்தச் சபையில் இருப்பார்கள். அவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த 14 இலக்கங்களை வைத்துத்தான் என் சொந்த வேலையைத் தொடங்கினேன். இந்தக் கால்குலேட்டர் பெரிய எண்ணைக் கமா இல்லாமல் காட்டும். எனக்கு 12345678 என்று பார்த்தால் கண் கட்டுகிறது. 1,23,45,678 என்று லட்சம், கோடிப் பிரிவில் வர வேண்டும். திரையில் ஒரு வரிக்கு 16 எழுத்து. கமாவும் பைசாவும் சேர்த்தால் 14 எழுத்தில் அடங்குகிறது. விடை உட்காரும் இடத்திலிருந்து இலக்கங்களை எடுத்து, வலமிருந்து முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டாக எண்ணிக் கமா போடும் சின்னப் புரோகிராம். இயந்திர மொழியில் எழுத எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. யாருக்குப் பயன் என்று வீட்டில் கேட்டார்கள். குறுக்கெழுத்துப் போட்டியால் யாருக்குப் பயன் என்று நான் கேட்கவில்லை.

அது தனிப் புரோகிராம். கூப்பிட்டால்தான் வரும். எப்போதும் அப்படியே காட்ட வேண்டுமென்றால் இயங்குதளத்தையே மாற்ற வேண்டும். அங்கேதான் பூட்டு. செயலாளர் கேட்ட கேள்வியும் அங்கேதான் வருகிறது.

பேங்கில் ஸ்பெசிமன் கார்டு என்று ஒன்று இருந்தது நினைவிருக்கும். காசோலை வந்தால் கார்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கார்டு எங்களிடம் இருக்கிறது, ஆனால் அந்தக் கையெழுத்தை நாங்கள் போட முடியாது. கால்குலேட்டரிலும் அதே ஏற்பாடுதான். கம்பெனி வெளியிடும் ஒவ்வொரு இயங்குதளத்தின் கடைசியிலும் ஒரு டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். கால்குலேட்டருக்குள் ஒரு 'கார்டு' இருக்கும். புதிய இயங்குதளத்தை ஏற்றும்போது ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். உள்ளே ஒரு எழுத்தை மாற்றியிருந்தாலும் கையெழுத்து பொருந்தாது.

அந்தக் கார்டில் இருப்பது ஒரு பெரிய எண். ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் 1977இல் கண்டுபிடித்த முறை. மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சுலபம். 97ஐ 89ஆல் பெருக்கினால் 8633. ஆனால் 8633ஐக் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினேன் என்று கேட்டால் பேனாவைத் தேடுவீர்கள். எண் 150 இலக்கங்களைத் தாண்டினால் பேனா போதாது. பெருக்கிய எண் கையில் இருந்தால் கையெழுத்தைச் சரிபார்க்கலாம். பிரித்த இரண்டு எண்களும் தெரிந்தால்தான் கையெழுத்துப் போடலாம்.

இந்தக் கால்குலேட்டரின் பூட்டு 512 பிட் எண். அதே அளவு எண் ஒன்றை 1999இல் ஆராய்ச்சியாளர்கள் முதன்முதலாகப் பிரித்தபோது நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களும் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரும் தேவைப்பட்டன. பத்து வருடம் கழித்து, 2009இல், ஒரு கால்குலேட்டர் ஆர்வலர் சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றில், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு, 73 நாட்களில் டி.ஐ-83 பிளஸ்ஸின் எண்ணைப் பிரித்துவிட்டார். மற்ற மாடல்களின் எண்களையும் பலர் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் வேலையைப் பங்குபோட்டுப் பிரித்தார்கள். கம்பெனி அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி, எண்களை வெளியிட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அவர்கள் பக்கம் நின்று பதில் கடிதம் போட்டது. ஒரு எண்ணைச் சொல்வது குற்றமா என்று அப்போது நடந்த விவாதம் இன்றும் படிக்கச் சுவையானது.

ஆக, இது ஹேக்கிங்தானா? முப்பத்து நான்கு வருடம் கையெழுத்தைச் சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அடுத்தவர் கணக்கில் பணம் எடுக்க அவர் கையெழுத்தைப் போட்டால் அது மோசடி. ஆனால் இங்கே கணக்கு யாருடையது? என் மகன் காசு கொடுத்து வாங்கிய பொருள். இதில் என்ன ஓட வேண்டும் என்று நான் முடிவு செய்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. கையெழுத்து என்பது காகிதத்தில் யாரும் திருத்தவில்லை என்று எனக்கு உறுதி சொல்வதற்காக. என் சொந்த நோட்டில் நான் எழுதக் கூடாது என்று சொல்வதற்காக அல்ல. நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் ஒரு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துப் படிப்பதற்கு இடம் கொடுக்கிறது. கம்பெனியின் இயங்குதளத்தை நகல் எடுத்து ஊருக்கு விநியோகிப்பது வேறு விஷயம். அதை நான் செய்வதில்லை, கேட்டாலும் தர மாட்டேன்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அது தேர்வு. தேர்வு நேரத்தில் சேமித்த குறிப்புகளை மறைக்கும் 'தேர்வு முறை' இப்போது பல கால்குலேட்டர்களில் இருக்கிறது. கண்காணிப்பாளர் பார்க்கச் சிலவற்றில் விளக்கும் மினுக்கும். இயங்குதளத்தை மாற்ற முடிந்தவன் அந்த விளக்கையும் பொய்யாக மினுக்க வைக்கலாம். 2020இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தேர்வுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, புதிய மாடல்களில் இயந்திர மொழி வசதியையே எடுத்துவிட்டது. பிரான்ஸில் நம்வொர்க்ஸ் என்ற கம்பெனி 2017இல் கால்குலேட்டரை விற்கும்போதே மூல நிரலையும் எல்லோருக்கும் காட்டியது. மாணவர்கள் அதிலிருந்து ஒமேகா என்று சொந்தமாக ஒன்றை வளர்த்தார்கள். 2021இல் அவர்களும் பூட்டிவிட்டார்கள். தேர்வில் திருடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மூன்று மணி நேரத் தேர்வுக்காக வருடம் முழுவதும் பூட்டி வைப்பது என்ன நியாயம்? தேர்வு ஹாலில் பள்ளிக்கூடமே கால்குலேட்டர் கொடுக்கட்டும், வீட்டில் இருப்பது பிள்ளையின் சொந்தமாக இருக்கட்டும் என்பது என் கருத்து. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் மறுக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா என்றால், தாராளமாகக் காட்டலாம். இதில் இன்டர்நெட் கிடையாது, விளம்பரம் கிடையாது. எதைத் தொட்டாலும் யாருடைய கணக்கும் போகாது. புரோகிராம் சிக்கிக்கொண்டால் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் நினைவகம் துடைக்கப்பட்டு எழுந்துவிடும். இயங்குதளமே கெட்டாலும், தொடக்க நிரல் பாதுகாக்கப்பட்ட தனி இடத்தில் இருப்பதால் கேபிள் வழியாகத் திரும்ப ஏற்றலாம். இதே வேலையை உங்கள் செல்போனில் செய்யச் சொல்லமாட்டேன். அதில் உங்கள் பேங்க் இருக்கிறது.

நைட்ஓஎஸ் என்று ஆர்வலர்களே முழுக்க எழுதிய இயங்குதளம் ஒன்று உண்டு. மூல நிரல் எல்லாருக்கும் பொது. இரண்டு மாதமாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். லட்சக் கமாவை அதில் எங்கே சொருகுவது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்கள் செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்கு மேல் கீழ்த்தள நூலக அறைக்கு வரலாம். கேபிள் என்னிடம் இருக்கிறது. டிரிபிள் ஏ பேட்டரி நான்கு வேண்டும். அதை மட்டும் கொண்டு வந்துவிடுங்கள், போன வாரம் வந்த இரண்டு பொடியன்கள் என்னுடையதைத் தீர்த்துவிட்டார்கள்.