வேகக் காருக்கு ஏற்ற கேம் ஷாஃப்ட்



மோட்டார் எஞ்சினுக்குள் கண்ணுக்குப் புலனாகாமல் சுழலும் ஓர் உறுப்பைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளேன். கலைச்சொல் வகுப்போர் அதனை 'நெம்புருள் தண்டு' என்பர். பெங்களூர் ஜே. சி. சாலையில் உதிரிப்பாகம் விற்போர்க்கும் சிவாஜிநகரில் பட்டறை நடத்துவோர்க்கும் அது 'கேம் ஷாஃப்ட்'. வேகத்தில் நாட்டமுள்ள இளைஞர் பலர், அதனை மாற்றினால் சிறு காரும் சிறுத்தையாகும் என்று கேள்வியுற்று, பல மாதச் சேமிப்பை அதில் இடுகின்றனர். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. ஆகையால், பணத்தை எண்ணி வைக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை எவை என்று ஆராய்வோம்.

பெங்களூரோடு தொடர்புள்ள ஒரு காரையே சான்றாகக் கொள்ளலாம். இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சான் நிறுவனத்தார், 1990களின் இறுதியில் 'ஸ்டார்ம்' என்னும் இருவர் அமரும் சிறு ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டனர். அது கோவாவில் உருவாயிற்று. உடல் கண்ணாடியிழையால் ஆனது. எஞ்சினோ பிரெஞ்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் 1149 சி.சி. எஞ்சின்; திறன் ஏறத்தாழ 60 குதிரைத்திறன். அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆயினும், வைத்திருப்போர் அதனைப் போற்றியே வைத்திருக்கின்றனர். தோற்றத்தில் அது பந்தயக் குதிரை. எஞ்சினின் இயல்பிலோ நகரத்து வண்டிக் குதிரை. ட்விங்கோ முதலிய சிறு நகரக் கார்களில் ஓடிய எஞ்சின் அன்றோ அது! கேம் ஷாஃப்டை மாற்றும் ஆசை இத்தகைய காரின் உரிமையாளருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

கேம் ஷாஃப்டின் வேலை வால்வுகளை உரிய வேளையில் திறந்து மூடுவித்தல். கிராங்க் இருமுறை சுழலும்போது அது ஒருமுறை சுழலும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடுகையில், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அத்தனை விரைவில் காற்று உள்ளே நுழையப் பொழுது போதாது. எனவே பந்தயத் தண்டுகளில் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். கூடுதல் உயரமும் எழும். பிஸ்டன் கீழே சென்று மேலே திரும்பத் தொடங்கிய பின்னரும், விரைந்து வரும் காற்று தன் வேகத்தாலேயே உள்ளே புகுந்து நிரம்பும். திறன் பெருகும் மருமம் இதுவே.

ஆனால் அதே எஞ்சின் 1500 சுற்றில் மெல்ல ஓடும்போது காற்றுக்கு அவ்வேகம் இல்லை. மூடாத வால்வின் வழியே, பிஸ்டன் காற்றைப் பின்னோக்கித் தள்ளிவிடும். இழுவை குறையும்; நிற்கும்போது எஞ்சின் குலுங்கும்; எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வீணாகும். ஆகவே கேம் ஷாஃப்ட் புதிதாகத் திறனைப் படைப்பதைக் காட்டிலும், இருக்கும் திறனைக் கீழ்ச் சுற்றுகளிலிருந்து மேல் சுற்றுகளுக்கு இடம் மாற்றுகிறது என்பதே பொருந்தும்.

இனி, நாம் எந்தச் சுற்றுகளில் வாழ்கிறோம்? சில்க் போர்டு சந்திப்பில் அங்குலம் அங்குலமாக நகரும் கார் 3000 சுற்றைக் காண்பது அரிது. அங்கே பந்தயத் தண்டு பூட்டியவர் கிளட்சோடு மல்லாட வேண்டியதுதான். மேலும், பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையிலோ மும்பையிலோ 60 குதிரைத்திறன் தரும் எஞ்சின் இங்கு 55 தந்தாலே நன்று. அக்குறையை நீண்ட நேரம் திறக்கும் தண்டினால் ஈடுசெய்ய முயல்வோர், கீழ்ச் சுற்றில் எஞ்சியுள்ள இழுவையையும் இழப்பர்.

திறந்திருக்கும் காலத்தைக் கிராங்கின் பாகைகளில் குறிப்பிடுவர். சாலைக்குரிய மிதமான தண்டுகள் பெரும்பாலும் 250 முதல் 270 பாகை வரை இருக்கும். 290க்கு மேற்பட்டவை பந்தயத்துக்கு உரியவை. ஆயினும் எண்ணை மட்டும் கேட்டு வாங்கலாகாது. வால்வு எவ்வளவு எழுந்த நிலையில் அளந்தது என்பதையும் கேட்க வேண்டும். அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

பழைய தண்டையே சாணை பிடித்துத் தரும் வழக்கமும் உண்டு. செலவு குறைவு; கவனமோ மிகுதியாக வேண்டும். கேமின் அடிவட்டத்தைத் தேய்த்தே கூடுதல் எழுச்சி பெறப்படுகிறது. கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு அளவுமீறித் தேய்ந்துவிட்டால், புதுத் தண்டு சில ஆயிரம் கிலோமீட்டரில் உருக்குலையும். எழுச்சி கூடும்போது ஸ்பிரிங்குகள் தாங்குமா, வால்வு பிஸ்டனில் மோதாதா என்று அளந்து பார்த்தல் இன்றியமையாதது. ஒருமுறை மோதினால் தண்டின் விலையைப் போலப் பன்மடங்கு செலவு வந்து சேரும். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு ஓர் ஒப்புமை தோன்றுகிறது: வாக்கியத்தில் வினைச்சொல்லை மாற்றினால் எழுவாயும் வேற்றுமையும் உடன் மாற வேண்டும். அவ்வாறே கேம் ஷாஃப்ட் மாறினால் ஸ்பிரிங், புகைக்குழாய், எரிபொருளை ஆளும் மின்னணுப் பெட்டியின் கணக்கு ஆகியவையும் மாற வேண்டும். அச்செலவையும் சேர்த்தே விலை கேட்க வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே பந்தயத் தண்டுக்கு உரிய இடம் பந்தயத் தடமே. முன்னாளில் சோழவரத்து விமான ஓடுதளத்தில் கார்கள் பாய்ந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே அமைந்த தடம் உள்ளது. பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான்.

சாலையில் மட்டுமே ஓட்டுவோர், முதலில் சிலிண்டர்களின் அழுத்தம், தீப்பொறி, பிரேக், டயர் ஆகியவற்றைச் செம்மை செய்யட்டும். அதன் பிறகும் ஆசை தணியாவிடில், சட்டம் இடந்தருமாயின், பட்டியலில் உள்ளவற்றுள் மிகச் சாதுவான தண்டையே தேர்ந்தெடுக்கட்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது எஞ்சினுக்கும் பொருந்தும்.